என்ஜின் வேலை முடிந்த லாரி: முதல் ஆயிரம் கிலோமீட்டரை எப்படி ஓட்டுவது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விளைச்சலுக்கும் சந்தைக்கும் நடுவில் இருப்பது ஒரு டீசல் என்ஜின். இராயக்கோட்டை தக்காளி, சூளகிரி கொத்தமல்லி, கெலமங்கலம் முட்டைக்கோஸ், ஓசூர் ரோஜா எல்லாம் இரவோடு இரவாக பெங்களூரு போய்ச் சேர வேண்டும். மாங்காய் பருவத்தில் கூழ் ஆலை வாசலில் வண்டி வரிசை கட்டி நிற்கும். அந்த நேரத்தில் வண்டி படுத்துவிட்டால் அழுகுவது நம் சரக்கு.

பழைய மினி லாரியோ, டெம்போவோ வைத்திருக்கும் பல விவசாயிகள் புது வண்டி வாங்க முடியாமல், இருக்கும் என்ஜினையே பிரித்து லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் கடன் வாங்கிச் செய்த வேலை ஐந்தாறு மாதத்திலேயே ஆயில் குடிக்க ஆரம்பித்தால், உதிரிபாகத்தையும் மெக்கானிக்கையும் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வண்டி வீட்டுக்கு வந்த பிறகு முதல் அரை மணி நேரமும், முதல் ஆயிரம் கிலோமீட்டரும் எப்படி ஓடியது என்பதையும் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலையில் என்ஜினைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவார்கள். 1980 முதல் ஓசூரில் இயங்கும் அசோக் லேலண்ட் போன்ற ஆலைகளில் அதற்கென்று தனிச் சோதனை மேடைகள் உண்டு. ஊர்ப் பட்டறையில் அந்த வசதி கிடையாது. எனவே அந்தச் சோதனையை நீங்கள்தான் ரோட்டில் செய்ய வேண்டும்.

ரிங் படிவது என்றால் என்ன?

புது லைனரின் உள்பக்கத்தை உற்றுப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரியும். ஹோனிங் செய்யும்போது வேண்டுமென்றே போடுகிற கோடுகள் அவை. அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். புது ரிங்கின் விளிம்பு இந்தக் கோடுகளின் முனைகளோடு உரசி, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திக்கொள்ள வேண்டும். இதைத்தான் ரிங் படிவது, ரன்னிங் இன் என்கிறோம்.

ரிங்கை லைனரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. டீசல் எரியும்போது வரும் வாயு, ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. சுமை இருந்தால்தான் அந்த அழுத்தம் போதுமான அளவு வரும். என்ஜின் சும்மா ஐடிலில் ஓடினால் அழுத்தம் குறைவு. ரிங் சரியாக உரசாது. பாதி எரிந்த டீசலும் ஆயிலும் சேர்ந்து லைனரில் வார்னிஷ் பூசியது போல் வழவழப்பாகப் படிந்துவிடும். அந்தப் பளபளப்பு வந்துவிட்டால் பிறகு எவ்வளவு ஓட்டினாலும் ரிங் படியாது. மறுபடியும் என்ஜினைப் பிரித்து ஹோனிங் செய்வதுதான் ஒரே வழி.

"ராத்திரி முழுக்க சும்மா ஓடட்டும், என்ஜின் செட் ஆகிவிடும்" என்ற பழைய பழக்கம் இதனால்தான் தவறு. முதல் நாளே முழு லோடு ஏற்றி மேடு ஏறுவதும் தவறு. அப்போது உரசல் அதிகமாகி, சூடு தாங்காமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே, அளவான சுமையை விட்டு விட்டுக் கொடுப்பதுதான் சரியான வழி.

ஸ்டார்ட் செய்யும் முன்

முதலில், பழைய என்ஜின் ஏன் கெட்டது என்று கேளுங்கள். ரேடியேட்டர் அடைத்து சூடாகியிருந்தால், அதே ரேடியேட்டரை மாட்டினால் புது பிஸ்டனும் அதே கதிதான். ஏர் ஃபில்டர் குழாயில் விரிசல் இருந்து தூசி போயிருந்தால், புது ரிங்கும் சீக்கிரமே தேய்ந்துவிடும். செம்மண் பாதையும் கிரானைட் குவாரி ரோடும் உள்ள நம் பகுதியில் தூசிதான் என்ஜினுக்கு முதல் எதிரி. ஏர் ஃபில்டரிலிருந்து என்ஜின் வரை உள்ள ரப்பர் குழாய்களையும் கிளிப்புகளையும் கையால் தடவிப் பாருங்கள்.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பாகப் படிந்து வழியை அடைக்கும். கூலன்ட் கலந்து ஊற்றுவதே நல்லது. "சூடாகாமல் இருக்கும்" என்று சொல்லி தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருந்தால், புதிதாக ஒன்றை வாங்கி மாட்டச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் உரிய சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். ஓசூர் பக்கத்துக் குளிர்ந்த அதிகாலையில் இன்னும் தாமதம். குளிர்ந்த என்ஜினில் டீசல் முழுதாக எரியாமல் ஆயிலில் இறங்கும், ரிங் தேய்மானமும் கூடும்.

ஆயிலுக்கு உங்கள் வண்டியின் புத்தகத்தில் சொன்ன தரத்தை வாங்குங்கள். பழைய வண்டிகள் பலவற்றுக்கு 15டபிள்யூ–40 மினரல் ஆயில் போதும். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில், "உராய்வைக் குறைக்கும்" பாட்டில் மருந்து எதுவும் இப்போது வேண்டாம். ரிங் படிவதற்குக் கொஞ்சம் உராய்வு வேண்டும். பி.எஸ்–6 வண்டி என்றால் அதற்குரிய சாம்பல் குறைந்த ஆயிலை மட்டுமே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் சைலன்சரில் உள்ள வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது ஆயில் ஏற்றுவது. புதிதாகப் பூட்டிய என்ஜினில் ஆயில் வழிகள் காலியாக இருக்கும். ஆயில் ஃபில்டர் நிமிர்ந்த நிலையில் மாட்டும் வகையாக இருந்தால் நிரப்பி மாட்டுங்கள். டர்போ இருந்தால் அதற்கு ஆயில் வரும் குழாயைக் கழற்றி, துளையில் சுத்தமான ஆயில் கொஞ்சம் ஊற்றுங்கள். பிறகு ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து, டீசல் போகாதபடி செய்து, செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு 10 முதல் 15 வினாடி, பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை, அல்லது சிவப்பு விளக்கு அணையும் வரை இப்படிச் செய்யுங்கள். அதற்குப் பிறகே என்ஜினை ஓட விட வேண்டும்.

டீசல் பாதையில் காற்று இருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பழைய வகை பம்ப் உள்ள வண்டியில் ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரையில்லாமல் டீசல் வரும்போது முறுக்கிவிடலாம். காமன் ரெயில் என்ஜினில் இன்ஜெக்டர் குழாய் நட்டை ஒருபோதும் தளர்த்தாதீர்கள். அதில் அழுத்தம் 1000 பாருக்கு மேல் இருக்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளி போலத் தெரிந்தாலும், அப்படிப் பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முதல் அரை மணி நேரம்

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய கொட்டகையில் புகை ஆளைக் கொன்றுவிடும். தோளில் துண்டு, தொங்கும் வேட்டி முனை, கழுத்தில் மஃப்ளர் எதுவும் கூடாது. ஃபேன் பெல்ட் இழுத்துக்கொள்ளும். பழைய வகை பம்ப் என்றால் காற்று போகும் வாயை மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பம்பில் ஏதாவது சிக்கி, ஸ்டாப் கேபிளுக்கும் அடங்காமல் என்ஜின் வேகம் ஏறிக்கொண்டே போனால், காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையாலோ துணியாலோ மூடக் கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

ஸ்டார்ட் ஆனவுடன் உங்கள் கண் ஆயில் பிரஷரில்தான் இருக்க வேண்டும். பத்து வினாடிக்குள் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். வந்துவிட்டால் ஐடிலில் விடாமல், நிமிடத்துக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு சுற்றில் கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் என்ஜின் வழக்கமான சூட்டுக்கு வரும். அதற்குள் ஆயில், தண்ணீர், டீசல் எங்காவது கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டும் சத்தம் வந்தாலோ, சூடு ஏறிக்கொண்டே போனாலோ நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பிறகு நிறுத்தி ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஆறிய பின் ஆயில் மட்டம், தண்ணீர் மட்டம் இரண்டையும் சரிபார்த்து நிரப்புங்கள்.

ரோட்டில் இறங்கும்போது

சரிபார்த்தது போதும், அதே நாளே ரோட்டில் இறக்குங்கள். ரிங் படிவதில் பெரும்பகுதி முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே நடந்துவிடும்.

முதல் 50 கி.மீ.: காலி வண்டி, அல்லது கால் பங்கு லோடு. போக்குவரத்து குறைந்த கிராமச் சாலையாகப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முக்கால் பங்கு வரை அழுத்தி வேகம் ஏற்றுங்கள். அரை நிமிடம் கழித்துக் காலை எடுத்து, கியரிலேயே வேகம் இறங்க விடுங்கள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. அழுத்தும்போது ரிங் லைனரோடு ஒட்டி உரசும். காலை எடுக்கும்போது கொஞ்சம் ஆயில் மேலே வந்து, உரசிய இடத்தைக் குளிர்வித்துத் துகளைக் கழுவும்.

500 கி.மீ. வரை: பாதி லோடு. ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டாதீர்கள், வேகத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். பெரிய கியரில் போட்டு என்ஜின் திணறத் திணற இழுக்காதீர்கள். வேகமாகச் சுற்றுவதை விட இந்தத் திணறல்தான் பேரிங்குக்குக் கெடுதல்.

1000 கி.மீ. வரை: முக்கால் லோடு. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் போகும் பாதை இதற்கு நல்ல சோதனை. சுமார் 50 கி.மீ. தூரத்தில் 350 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். மேட்டில் கியரை முன்கூட்டியே குறைத்து, சூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள். முள் வழக்கமான இடத்திலேயே நின்றால் நல்ல அறிகுறி. அதன் பிறகு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைக்குள் முழு லோடு ஏற்றலாம்.

டர்போ வண்டியை நிறுத்தும் முன் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். சூடான டர்போவுக்கு ஆயில் சட்டென்று நின்றால் அதன் பேரிங் கருகும்.

முதல் ஆயிலை 500 கி.மீ. அளவில் ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். மெக்கானிக் அதற்கு முன்பே மாற்றச் சொன்னால் கேளுங்கள், பணத்தைப் பார்க்காதீர்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். நுண்ணிய வெள்ளித் தூள் கொஞ்சம் இருந்தால் இயல்பு. செதில் செதிலாக இருந்தாலோ, செம்பு நிறத்தில் மின்னினாலோ பேரிங் தேய்கிறது. வண்டியை ஓட்டாமல் காட்டுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய டியூனிங்

டேப்பெட் இடைவெளி: புதிதாகப் பூட்டிய ஹெட்டில் வால்வுகள் படியும்போது இடைவெளி மாறும். 500 கி.மீ.யில் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும். எத்தனை மி.மீ., என்ஜின் ஆறியிருக்கும்போதா சூட்டிலா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். புத்தகத்தையோ என்ஜின் மேலுள்ள தகட்டையோ பாருங்கள். நான்கு சிலிண்டர் என்ஜினில் வெடிப்பு வரிசை 1–3–4–2 என்றால், நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் நிலையில் அசையும்போது முதல் சிலிண்டரை வையுங்கள். முதலாவது அசையும்போது நான்காவதை வையுங்கள். அதேபோல் இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. ஃபீலர் கேஜ் தகடு லேசான பிடிப்போடு இழுபட வேண்டும். ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டிய என்ஜின் என்றால், அதை டார்க் ரெஞ்சால் முறுக்கிய பிறகே டேப்பெட் வையுங்கள். சில என்ஜின்களின் போல்ட்டை இரண்டாம் முறை முறுக்கவே கூடாது. மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐடில் வேகம்: என்ஜின் சூடான பிறகு, நடுக்கம் இல்லாமல் நிற்கும் அளவுக்கு ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பலாம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது பம்ப் நெம்புகோல் கடைசி வரை போகிறதா என்றும் ஒருவரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். "இழுவை இல்லை" என்ற புகாருக்குக் கேபிள் தளர்வே பல முறை காரணமாக இருக்கும்.

டீசல் ஃபில்டர், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம்: வாரம் ஒரு முறை கீழுள்ள ஸ்க்ரூவைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். கேனில் வாங்கி வைத்து ஊற்றுபவர்களுக்கு இது கட்டாயம்.

பம்ப் டைமிங்: பம்ப் உட்காரும் இடத்தில் பம்பிலும் என்ஜினிலும் வெட்டிய கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். விலகியிருந்தால் மெக்கானிக் சரிசெய்யட்டும்.

பி.எஸ்–4 வண்டிகள் பலவற்றிலும், பி.எஸ்–6 வண்டிகளிலும் டீசல் அளவையும் நேரத்தையும் கம்ப்யூட்டரே தீர்மானிக்கிறது. அங்கே உங்கள் வேலை ஃபில்டர், ஆயில், கூலன்ட், ஒயர் இணைப்புகள் வரைதான்.

தொடக் கூடாத ஒரு திருகு

டீசல் பம்பில் அதிகபட்ச டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு ஒன்று உண்டு. பம்ப் லேபில் அளந்து சீல் வைத்திருப்பார்கள். "கொஞ்சம் திருப்பினால் வண்டி பறக்கும்" என்று யாராவது சொல்வார்கள். இழுவை கூடும், உண்மைதான். ஆனால் எரியக் காற்று போதாத டீசல் கரும்புகையாகப் போகும். வெளிப்புகையின் சூடு ஏறும். புது பிஸ்டனின் தலை உருகும், டர்போ கெடும்.

நம் பகுதிக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சென்னையை விட இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜினுக்கு இங்கே காற்று கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். சமவெளியில் சுத்தமாக ஓடும் வண்டி இங்கே லேசாகக் கரும்புகை விடுவது இதனால்தான். அதற்கு டீசலைக் கூட்டுவது தலைகீழ் வைத்தியம். பம்பையும் நாசிலையும் லேபில் கொடுத்து அளந்து வாங்குங்கள். நீங்கள் எந்த ஊரில் ஓட்டுகிறீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

கரும்புகைக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. அத்திப்பள்ளி தாண்டிப் போகும் வண்டிக்குப் புகைச் சான்று கையில் இருக்க வேண்டும். பி.எஸ்–4க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அடர்த்தி வரம்பு 65, பி.எஸ்–4 வண்டிக்கு 50. திருகைத் திருப்பிய வண்டி இதில் தேறுவது கஷ்டம்.

புகை என்ன சொல்கிறது?

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் வரலாம், நாளாக ஆகக் குறைய வேண்டும். கரும்புகை என்றால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெண்புகை வந்து மறைந்தால் பயமில்லை. சூடான பிறகும் வந்தால் டைமிங், நாசில் இரண்டையும் பார்க்க வேண்டும். தண்ணீர் மட்டமும் இறங்கினால் ஹெட் கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம்.

ஒரு நோட்டில் தேதி, கி.மீ., ஊற்றிய ஆயில் அளவு மூன்றையும் எழுதி வாருங்கள். 250 கி.மீ.க்கு ஒரு முறை சமதளத்தில் நிறுத்தி ஆயில் குச்சியைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஊற்றும் அளவு குறைந்துகொண்டே வந்தால் ரிங் படிகிறது. ஆயிரம் கி.மீ. தாண்டியும் குறையவில்லை, பிரீதர் குழாயில் புகை விடாமல் அடிக்கிறது என்றால் ரிங் படியவில்லை. அந்த நோட்டோடும் பில்லோடும் பட்டறைக்குப் போனால் பேச்சு சுலபமாக முடியும்.

டிராக்டருக்கும் ஆயில் என்ஜினுக்கும்

இதே விதிதான். டிராக்டர் என்றால் முதலில் லேசான டிரெய்லர் வேலை, பிறகு கல்டிவேட்டர். ஆழ உழவும் ரோட்டவேட்டரும் 50 மணி நேரம் கழித்து. கிணற்று ஆயில் என்ஜினைப் பம்ப் மாட்டாமல் சும்மா ஓட விடாதீர்கள். டெலிவரி வால்வைப் பாதி திறந்து தொடங்கி, சில மணி நேரத்தில் படிப்படியாக முழுக்கத் திறந்தால் சுமையும் படிப்படியாக ஏறும்.

பருவம் பார்த்துச் செய்யுங்கள்

மாங்காய் வரத்து சூடுபிடித்த பிறகு என்ஜினைப் பிரித்தால், ஆயிரம் கிலோமீட்டர் பொறுக்க யாருக்கும் மனம் வராது. முதல் நடையே முழு லோடாகத்தான் இருக்கும். பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே வேலையை முடித்து, உரம், தீவனம், காய்கறி என்று சின்னச் சின்ன நடைகளில் வண்டியைப் பழக்குங்கள். உழவுக்குப் புது மாட்டைக் கூட நாம் ஒரே நாளில் முழு ஏரில் பூட்டுவதில்லையே.